சாவி வைத்திருந்தவள்

நோரீனின் பெயர் அந்தக் கல்லில் ஏறினால் தன் பெயரை எடுத்துவிடச் சொல்வது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் டிம்ப்னா லிமரிக்கிற்கு பஸ் ஏறினாள்.

ஒரு காலத்தில் அயர்லாந்தில், மானம் போயிற்று என்று வீட்டாரே கொண்டுபோய்த் தள்ள, கன்னியாஸ்திரீகளின் சலவைக்கூடத்தில் அடைபட்டுக் கிடந்த பெண்களின் பெயர்களைக் கல்லில் வெட்டப் போகிறார்கள். உண்மையிலேயே அடைபட்டவள் யார், இல்லாதவள் யார் என்று தரம் பிரிக்க ஒரு குழு. தரம் பிரிக்க இதென்ன உருளைக்கிழங்கா? ஆனால் நோரீன் விஷயத்தில் டிம்ப்னாவுக்குச் சந்தேகமே இல்லை. வெளிவாசல் சாவி பதினோரு வருஷம் அவள் இடுப்பில்தான் தொங்கியது.

விசாரணை ஒரு ஹோட்டல் அறையில். குழுவின் ஆள், கவனா என்ற இளைஞருக்கு முப்பது வயதிருக்கும். மேஜையில் தேநீரும் பிஸ்கட்டும் இருந்தன. எண்பதைத் தொட்ட நோரீன், கோட்டைக்கூடக் கழற்றாமல் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"சொல்லுங்க மேடம். சாவி இவங்ககிட்டதான் இருந்துச்சா?"

"வேற யார்கிட்ட? அப்ப எனக்குப் பத்தொன்பது வயசு. ஒரு நாள் மத்தியானம் வாசல்ல நின்னு, கால்ல விழாத குறையா இவகிட்ட கெஞ்சினேன். திறக்கல. 'எங்கடி போவே?'ன்னு கேட்டா. அந்த நக்கலை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன்."

கவனா படிவத்தைப் புரட்டினார். "அப்ப இவங்க நினைச்சிருந்தா என்னிக்கு வேணும்னாலும் வெளிய போயிருக்கலாம்."

"போனேனே" என்றாள் நோரீன். அன்று அவள் வாய் திறந்தது அப்போதுதான்.

"எப்போம்மா?"

"சாவி என் கைக்கு வர்றதுக்கு முன்னாடி. துணி வண்டி உள்ள வர்றப்போ நழுவிட்டேன். பதினாலு மைல் நடந்து வீட்டுக்குப் போனேன். அப்பா பால் கறந்துட்டிருந்தார். ஏன் வந்தேன்னுகூடக் கேக்கல. கறந்து முடிச்சார். குதிரையை வண்டியில பூட்டினார். பால் கேனுக்குப் பக்கத்துல என்னை ஏத்தி, திரும்பக் கொண்டுவந்து விட்டுட்டார். அம்மா ஜன்னல் திரையை இழுத்து மூடினா. மடத்துத் தலைவி மதர், அப்பாவுக்கு டீ கொடுத்தாங்க. அடுத்த வாரமே சாவியை என்கிட்ட கொடுத்துட்டாங்க. 'நீ இனி ஓட மாட்டே'ன்னு சொன்னாங்க."

அந்த 'எங்கடி போவே?' நிஜக் கேள்வி என்று டிம்ப்னாவுக்கு இப்போதுதான் உறைத்தது. ஐம்பத்தைந்து வருஷமாக நக்கல் என்று நினைத்திருந்தாளே! பால் கறந்து முடிக்கிறவரை மகளைக் காக்க வைத்திருக்கிறான் அந்த மனுஷன். மாட்டுக்கு இருந்த மரியாதை மகளுக்கு இல்லை.

"கேக்கவே கஷ்டமாத்தான் இருக்கு" என்றார் கவனா. "ஆனா, வெளியேற வழி இருந்துச்சா இல்லையான்னுதான் படிவத்துல கேள்வி. சாவி கையில இருந்திருக்கு. நான் 'ஆம்'னுதான் போடணும். போட்டா, இவங்க பேரு கல்லுல வராது."

"ஏன் தம்பி, உனக்கு மூளை எங்க இருக்கு?" டிம்ப்னா மேஜையில் ஓங்கித் தட்டியதில் தேநீர் சிந்தியது. "எனக்கு பர்மிங்காம்ல ஒரு அண்ணன் இருந்தான். ஏழு வருஷம் கழிச்சு வந்து கூட்டிட்டுப் போனான். போக இடம் இருந்ததாலதான் என்னைப் பூட்டி வைக்க வேண்டியிருந்துச்சு. இவளுக்குப் பூட்டே தேவைப்படல. நான் அடைபட்டவ, இவ இல்லையா? எந்த ஊர் நியாயம்டா இது?"

"மேடம், குழுவுக்கு விதின்னு ஒண்ணு..."

"விதியை நீயே வச்சுக்கோ. இவ பேரை எழுது. என் பேருக்கு மேல எழுது."

நோரீன் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "உனக்கு என்மேல கோபம்னு நெனச்சேன்."

"கோபம்தான். திறந்து விட்டிருக்கலாம்ல நீ? அது உனக்கும் எனக்கும் உள்ளது. இவன் யாரு நடுவுல?" டிம்ப்னா நாற்காலியில் சாய்ந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டாள். "எழுதாம நான் இங்கிருந்து நகர மாட்டேன் தம்பி. நீ வேணும்னா போ. கதவைப் பூட்டலையே."

கவனா கதவைப் பார்த்தார். எதிரே இருந்த இரண்டு கிழவிகளையும் பார்த்தார். கதவு நன்றாகத் திறந்துதான் கிடந்தது. அவரால் எழுந்திருக்க முடியவில்லை.