வெள்ளை வாணலி

1.

இந்தக் கதை ஒரு வாணலியிலிருந்து வந்தது. ஏதோ பெரிய சிந்தனை வந்து எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் நடந்தது இவ்வளவே: போன வாரம் என் மனைவி, உள்பக்கம் வெள்ளையாக இருக்கும் சின்ன வாணலி ஒன்றை வாங்கிவந்தாள். அன்றிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனம் ஓடவில்லை. எழுதினால் சரியாகுமா என்று பார்க்கிறேன்.

முதல் வரி: “அவள் பொய் சொல்கிறாள் என்று அவனுக்கு”

அடித்துவிட்டேன். எடுத்த எடுப்பிலேயே குற்றப்பத்திரிகையா?

மறுபடியும்: “வீடு முழுக்க வெண்ணெய் மணக்க, அவள்”

இதையும் அடித்துவிட்டேன். யாருக்கு மணக்கிறது என்பதுதானே பிரச்சினையே.

2.

நீங்கள் குழம்பக் கூடாது, நேராகவே சொல்லிவிடுகிறேன். என் மனைவி ஒரு ஹோட்டலில் பேஸ்ட்ரி பிரிவுக்குத் தலைமை. கோடையில் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது மூக்கையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. எந்த வாசனையும் தெரியவில்லை, ருசியும் பாதிக்கு மேல் காலி. “மூக்கு திரும்பட்டும், அப்புறம் வாங்கம்மா” என்றார் தலைமை செஃப். நல்ல மனிதர்தான். ஆனால் அந்த இடத்துக்கு வேறு ஆள் பார்ப்பதாகவும் காதில் விழுந்தது.

போன மாதம் ஒரு காலையில், “வந்துடுச்சுங்க! காபி வாசனை தெரியுது” என்றாள். நான் கையிலிருந்த டம்ளரைக் கீழே போட்டேன், அவ்வளவு சந்தோஷம். இந்தத் திங்கள்கிழமை வேலைக்குத் திரும்புகிறாள். செஃப் முன்னால் நின்று செய்துகாட்ட வேண்டும். அதற்காக வீட்டில் பயிற்சி நடக்கிறது. குவாசான், எக்லேர் என்று பிரெஞ்சுப் பலகாரங்கள் ஒவ்வொன்றாக முடிந்து இப்போது ஃபினான்சியே.*

(* பாதாம் மாவில் செய்யும் பிரெஞ்சுக் கேக், சின்னச் செங்கல் மாதிரி இருக்கும். அதன் உயிரே பழுப்பு வெண்ணெய்தான். வெண்ணெயை உருக்கி, நுரை அடங்கி, வறுத்த பருப்பின் மணம் எழும்போது சட்டென்று இறக்க வேண்டும். அசந்தால் கரி. என் மனைவி இதைக் கருப்பு இரும்பு வாணலியில்தான் செய்வாள். அதில் வெண்ணெயின் நிறம் தெரியாது. அவள் பார்க்கவும் மாட்டாள். முதுகைக் காட்டிக்கொண்டு முட்டையின் வெள்ளைக்கருவைப் பிரித்துக்கொண்டிருப்பாள், மணம் வந்ததும் திரும்பி இறக்குவாள்.)

3.

ஃபினான்சியே பயிற்சி தொடங்கிய புதிதில் என் மச்சினன் வந்தான். அவளுடைய தம்பி. தட்டு காலியாகும்வரை இடத்தைவிட்டு எழுந்திருக்க மாட்டான்.

“அக்கா, லேசா தீஞ்ச வாடை அடிக்குதே.”

“போடா. அது அப்படித்தான் இருக்கும். உனக்கு ரஸ்க்குதான் லாயக்கு.”

“மாமா, நீங்க சொல்லுங்க. தீஞ்சிருக்கா இல்லையா?”

நான் ஒரு வாய் கடித்தேன். கரி. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பிரமாதம்” என்றேன்.

“ரெண்டு பேரும் கூட்டுக் களவாணிங்க” என்று சொல்லிவிட்டு அவன் அடுத்த துண்டை எடுத்தான்.

மறுநாள்தான் வெள்ளை வாணலி வந்தது.

4.

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். இந்தக் கணவன் பாத்திரம் நம்பும்படியாக இல்லை. நேரில் கேட்டுவிட வேண்டியதுதானே? வாயில் என்ன பூட்டா?

கேட்டான்.

“பழைய வாணலி என்ன ஆச்சு?”

“கனமா இருக்குங்க. கை வலிக்குது.”

“ஓ.”

[இந்த “ஓ”வுக்குப் பதில் நல்ல வசனம் ஒன்று யோசித்தேன். வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை.]

இப்போதெல்லாம் அவள் வாணலிமேல் குனிந்து கண்கொட்டாமல் நிறத்தைப் பார்க்கிறாள். என்னையும் பக்கத்தில் நிற்கச் சொல்கிறாள். “நல்லா மணக்குதில்ல?” என்று சும்மா கேட்பதுபோல் கேட்கிறாள். “இன்னும் கொஞ்சம்” என்றால் காத்திருக்கிறாள், “ஆமா” என்றால் இறக்குகிறாள். என் மூக்கை வாங்கித் தன் முகத்தில் வைத்துக்கொண்டிருக்கிறாள். இருவரும் அதைப் பற்றி மூச்சு விடுவதில்லை. திங்கள்கிழமை அந்தச் சமையலறையில் நான் இருக்க மாட்டேன்.

5.

முடிவுகள் சில:

அ. நிறத்தை வைத்துச் சமாளித்துவிடுகிறாள். எல்லோரும் கைதட்டுகிறார்கள். பிறகு ஒருநாள் திரிந்துபோன கிரீம் அவள் கையைத் தாண்டி யாரோ ஒருவருடைய தட்டுக்குப்

(போதும்.)

ஆ. செஃப் கண்டுபிடித்துவிடுகிறார், எல்லோர் முன்னாலும். இதை எழுதக் கை வரவில்லை.

இ. மூக்கு நிஜமாகவே திரும்பியிருக்கிறது. சந்தேகப்பட்ட கணவன் அசடு வழிகிறான். எனக்குப் பிடித்த முடிவு இதுதான். அந்தக் கரித்துண்டை நான் தின்றிருக்காவிட்டால் இதையே வைத்துக் கதையை முடித்திருப்பேன்.

6.

ஒரு விஷயம் உங்களிடம் சொல்லவில்லை. நான் எழுதுகிற எதையும் முதலில் படிப்பது அவள்தான். மேலே உள்ள ஐந்து பகுதிகளையும் சற்றுமுன் அவள் மாவு சலிக்கும் மேஜையில் வைத்துவிட்டு, கூடத்துக்கு வந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பேசத் துப்பில்லாதவன் எழுதித்தானே கொடுக்க முடியும்?

சலிக்கிற சத்தம் நின்றுவிட்டது. படிக்கிறாள்.

கோபம் வரும். கதையாக்கிட்டீங்களே என்று கேட்பாள், நியாயம்தான். அவள் இத்தனை நாள் தனியாகப் பயந்துகொண்டிருந்ததை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை. “வேலை போனால் போகட்டும்” என்று சொல்லவும் வாய் வராது. அந்த வேலை அவளுக்கு என்னவென்று எனக்குத் தெரியும்.

தாள் புரளும் சத்தம் வரவில்லை. கடைசிப் பக்கத்துக்கு வந்திருப்பாள். நான் எழுந்து போகலாமா, அல்லது இங்கேயே

“என்னங்க.”

அவள் குரல்தான்.

“வெண்ணெய் அடுப்புல இருக்கு. எனக்கு ஒண்ணுமே தெரியலைங்க. சீக்கிரம் வந்து சொல்லுங்க.”

திங்கள்கிழமை என்ன ஆகும் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அடுப்படியில் வேலை இருக்கிறது.