எஞ்சினியர் சொன்ன சொல்

இந்தக் காலத்துச் சனம் கதிரையைக் கண்டால் இருந்துவிடும். எவன் என்ன சொன்னாலும் கைதட்டும். பேசுகிறவன் தன் சொந்த மகன் என்றாலும் பரமலிங்கத்துக்கு அது பிடிக்கவில்லை.

மகன் சிவகரன் எஞ்சினியர். உலகத்துக் கப்பல்களெல்லாம் எத்தனை உயிர்காப்புப் படகு வைத்திருக்க வேண்டும், கடலில் விழுந்தவனை எப்படித் தூக்க வேண்டும் என்று சட்டம் எழுதுகிற லண்டன் கந்தோர் ஒன்றில் பதினைந்து வருட வேலை. லீவில் வந்தவன் நாளைக்குத் திரும்புகிறான்.

"தனியக் கடலுக்குப் போறியள் அப்பா. நான் போறதுக்கு முதல் இந்த உயிர்காப்பு ஜக்கெற்றைப் போடுவன் எண்டு சொல்லுங்கோ," என்று காலையிலேயே கேட்டிருந்தான்.

"கூட்டத்தில நீ சொல்லுறதைக் கேட்டிட்டுப் பாப்பம்."

முள்ளிவாய்க்கால் மீனவர் சங்கக் கட்டடத்துச் சுவரில் கடலின் படம் விழுந்தது. கரையோரமாக ஒரு பச்சைக் கோடு; சிவகரன் அதைத் தொட்டுக் காட்டினான்.

"ஜக்கெற் இல்லாத ஆக்கள் இந்தக் கோட்டைத் தாண்டாதேங்கோ. இதுக்குள்ள நிண்டாப் பயமில்லை. இதுதான் உங்கட பாதுகாப்பு வலயம்."

யாரும் கைதட்டவில்லை.

"என்ன, விளங்கேல்லையோ?"

"விளங்கினது தம்பி," என்றார் முன் கதிரையில் இருந்த மீனம்மா. "நாங்கள் அதுக்குள்ள இருந்தனாங்கள்தானே."

யுத்தத்தின் கடைசி மாதங்களில் அரசாங்கம் சொன்ன அதே சொல்லைக் கேட்டுத்தான் சனம் இந்த மணலுக்கு வந்தது. சிவகரனின் தாய் கமலாசனியும் வந்தார்; ஷெல் அதற்குள்ளும் விழுந்தது. அவன் அப்போது லண்டனில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தான். அவரைப் புதைத்த இடம் இந்தக் கட்டடத்துத் தண்ணீர்த் தாங்கிக்கு அந்தப் பக்கம். அதை நினைத்தால் பரமலிங்கத்துக்கு இப்போது அழுகைகூட வருவதில்லை.

சனம் கலைந்தபின் சிவகரன் செம்மஞ்சள் ஜக்கெற்றுடன் வந்தான்.

"நான் யோசிக்கேல்லை அப்பா. வேலையில ஒவ்வொரு நாளும் சொல்லுற சொல்லு."

"ஓம். சொல்லுறவைக்கு அது வேலைதான்."

"இது அப்பிடி இல்லை. எத்தினையோ தரம் கடலில போட்டுப் பாத்த சாமான்."

"ஆர் போட்டுக்கொண்டு குதிச்சது? நீயோ?"

"பொம்மைக்குப் போட்டு..."

"பொம்மை சாகாதுதானேடா."

பரமலிங்கம் ஜக்கெற்றை வாங்கித் திருப்பிப் பார்த்தார். தோளடியில் ஒரு விசில் தொங்கியது.

"இது என்னத்துக்கு?"

"ஊதிக் கூப்பிட அப்பா."

"ஆரை? அண்டைக்கும் கூப்பிட்டனாங்கள்தானே."

சிவகரன் தொங்கிய விசிலைத் தோளடி மடிப்புக்குள் செருகினான்.

பரமலிங்கம் ஜக்கெற்றைக் கதிரையில் வைத்துவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வள்ளத்தடிக்கு நடந்தார்.