போயா நாளில் ஒரு மின்ட் ஜூலெப்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி அறையில் குடியிருக்கும் சந்திரகுமாருக்கு மாதத்தில் ஒரே ஒரு நாள்தான் லீவு. போயா. பௌர்ணமியான அன்றைக்கு இலங்கை முழுக்கக் குடி விற்கக் கூடாது. அவன் வேலை செய்யும் ஹோட்டல் பாரும் பூட்டு. பதினாறு வருடமாக நின்று நின்று குதிகால் செத்துப் போனவன், அந்த நாளில் படுத்தால் எழும்பவே மாட்டான்.

இந்தப் போயாவில் படுக்க முடியவில்லை. நாளைக்கு அவன் மனைவி யோகேஸ்வரி வீட்டு வேலைக்குக் கட்டாருக்குப் போகிறாள். இரண்டு வருடம். "ஊரான் பொண்டாட்டிக்கெல்லாம் மின்சி இலை போட்டு விஸ்கி கலக்கிக் குடுக்கிறீங்க, எனக்கு ஒரு தடவ செஞ்சு தாங்களேன்" என்று கல்யாணமான நாளிலிருந்து கேட்டு அலுத்தவள். போவதற்குள் செய்து தருவதாக வாக்குக் கொடுத்திருந்தான். அவளுக்குக் கொடுத்த வாக்குகளில் இது ஒன்றாவது நிறைவேற வேண்டும்.

ஐஸைப் பழைய சாரத் துணியில் சுற்றி அம்மிக் குழவியால் நொறுக்கினான். எவர்சில்வர் டம்ளரில் சீனிப்பாகை விட்டு, மின்சி என்கிற புதினா இலையைக் கசக்காமல் கரண்டியின் முதுகால் மெல்ல அமுக்கினான். மேலே ஐஸைக் குவித்துவிட்டு விஸ்கிக்குக் கையை நீட்டினான். நீட்டிய கை அந்தரத்தில் நின்றது.

போத்தல் இல்லை. நேற்றே வாங்கியிருக்க வேண்டும். பாரில் கையை நீட்டினால் போத்தல் இருக்கும், அந்தப் பழக்கம். போயா என்பதால் தனக்கு லீவு என்று தெரிந்த மடையனுக்கு, போயா என்பதால் கடையும் திறக்காது என்பது மறந்து போயிற்று. நல்ல பார்மேன்!

பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த யோகேஸ்வரி திரும்பிப் பார்த்தாள். "என்னாங்க, போத்தல் வாங்கலியா?"

"மறந்துட்டேன் யோகே."

"சரி விடுங்க. காலையில ஊத்தின பிளேன் டீ ஆறிக் கெடக்கு. அதை ஊத்துங்க, நெறம் ஒண்ணுதானே."

ஊற்றினான். டம்ளரின் வெளிப்பக்கம் வெள்ளையாய்ப் பனி படர்ந்தது. மின்சிக் கொழுந்து ஒன்றைச் செருகி அவளிடம் நீட்டினான். "எப்படி இருக்கு?"

தினமும் நாற்பது பேரிடம் கேட்கிற கேள்வி. பதிலுக்கென்று ஒருநாளும் நின்றதில்லை. இன்றைக்கு நின்றான்.

அவள் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. இதைக் குடுத்துட்டு, போகாதன்னு ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

ஒரு மாதமாக அவன் தொண்டையில் கிடந்த வார்த்தை அதுதான். சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள், காலி டம்ளரைக் கண்ட கை முந்திக்கொண்டது. வாங்கிக்கொண்டு கழுவப் போய்விட்டான்.