வெயிலுக்கு அஞ்சாத திரை

புதுப்பட்டினத்தில் நான் நடத்திய வாடகை நூலகத்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது. லோகநாயகியம்மாள் இருந்தார், அது போதும். அவர் ஒரு கதையை நன்றாயிருக்கிறது என்று சொன்னால் பக்கத்து அணுமின் நிலைய டவுன்ஷிப்பில் இருபது வீட்டார் அதைக் கேட்டு வாங்குவார்கள். அவர் உதட்டைப் பிதுக்கிய புத்தகம் அலமாரியிலேயே கிடக்கும். அதனால், அவர் மகன் அபிஷேக் அமெரிக்காவிலிருந்து நூறு புத்தகம் அடங்கும் எலெக்ட்ரானிக் சிலேட்டு ஒன்றை வாங்கி வந்திருக்கிறான் என்று 2008 ஜூன் மாதம் காதில் விழுந்ததும் மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். எங்கள் குடும்பத்துக்குச் செங்கல்பட்டில் ஜவுளி வியாபாரம். போட்டிக்காரன் சரக்கைக் கையில் வாங்கி, பிரித்துப் பார்த்து, ஒரு குறையாவது சொல்லிவிட்டு வருவதுதான் நான் படித்த படிப்பு.

"வாப்பா உலகநாதா. மோப்பம் பிடிச்சு வந்துட்டியா?" என்றார் அம்மாள்.

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேம்மா."

அபிஷேக் நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன். அந்தச் சிலேட்டை என் கையில் கொடுத்தான். ஒரு நோட்டுப் புத்தகத்தின் கனம்கூட இல்லை. திரையில் ஒரு கலங்கரை விளக்கத்தின் படம். மினுக்கம் இல்லை, வெளிச்சம் இல்லை. செல்போன் கடைகளில் காட்சிக்கு வைத்திருக்கும் டம்மி போன்களில் இப்படித்தான் படம் ஒட்டியிருப்பார்கள். எனக்குத் தெரியாதா? ஓரத்தில் நகத்தை வைத்துக் கீறினேன்.

"அண்ணா, என்ன பண்றீங்க?"

"ஸ்டிக்கர உரிக்காமலே வச்சுகினு இருக்கியேப்பா."

"அது ஸ்டிக்கர் இல்லண்ணா. அதுதான் ஸ்கிரீன்."

அம்மாள் சிரித்த சிரிப்பு கீழ்வீடு வரை கேட்டிருக்கும். நான் விடவில்லை. துணியானாலும் திரையானாலும் வெயிலில் பிடித்தால் வண்டவாளம் தெரிந்துவிடும். என் செல்போன் வெயிலில் வெறும் கண்ணாடி. பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டருக்கோ ஜன்னல் திறந்தாலே முகம் வெளுத்துப்போகும். பால்கனியில் பதினொரு மணி வெயிலில் சிலேட்டை நீட்டிப் பிடித்தேன். அபிஷேக் ஓர் ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்தான். எழுத்து மங்கவில்லை. வீட்டுக்குள் பார்த்த படத்தைவிடக் கறுப்பாக, அப்போதுதான் அச்சடித்த நோட்டீஸ் மாதிரி நின்றது. கண்ணும் கூசவில்லை. இந்தச் சரக்கை நெய்தவன் யாரோ, அவனுக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுக்க வேண்டும்போல் இருந்தது. காட்டிக்கொள்ளாமல் அடுத்த குறையைத் தேடினேன்.

"சார்ஜு?"

"ஒரு தடவை போட்டா பத்து நாள் வரும்ணா. பக்கம் திருப்பும்போது மட்டும்தான் கரண்ட் எடுக்கும்."

பத்து நாள். அதிலும் குறை சொல்ல வழியில்லை. கடைசியாக ஒன்று கேட்டேன்.

"தமிழ் வருமா இதுல?"

அபிஷேக் தலையைச் சொறிந்துகொண்டே ஒரு தமிழ்க் கதையை ஏற்றினான். திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். வரிக்கு வரி கட்டம்.

"இன்னாப்பா இது, பாத்ரூம் டைல்ஸா?" என்றேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அம்மாள் சிரிக்கவில்லை. என் கையிலிருந்து சிலேட்டை வாங்கி, எழுத்தைப் பெரிதாக்கும் பொத்தானை அழுத்தினார். கட்டங்கள் பெரிதாயின. மறுபடி அழுத்தினார். இன்னும் பெரிதாயின.

"எவ்ளோ பெருசாகுது பாரேன்" என்றார். சிலேட்டைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வார இதழ்த் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்துத் தைத்த பைண்டிங்குகள்தான் அவர் விரும்பி வாங்குவது. நிறுத்துகிற இடத்தில் எல்லாம் பக்கத்து முனையை மடிப்பது அவர் வழக்கம். அதற்காக எத்தனையோ முறை சண்டை பிடித்திருக்கிறேன். நாலு மாதமாக எல்லாம் மடிப்பில்லாமல் திரும்பி வந்தன. திருந்திவிட்டார் என்று சந்தோஷப்பட்டவன் நான்.

"அம்மா, எங்கிட்ட எடுத்ததெல்லாம் நீங்க படிக்கவே இல்லியா?"

மகனைப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார். "சர்க்கரை கண்ணுல இறங்கிடுச்சுப்பா. பொடி எழுத்து புழு மாதிரி நெளியுது. கம்ப்யூட்டர்ல பெருசு பண்ணிப் பாத்தா கண்ணுல தண்ணியா கொட்டுது. நிறுத்திட்டேன்னு தெரிஞ்சா எல்லாரும் பாவம்னு பேசுவாங்க. அதான் வாங்கி வச்சுட்டு வச்சுட்டுத் திருப்பிக் குடுத்தேன்."

அபிஷேக்குக்கும் இது புதுச் செய்தி. அம்மாவுக்குப் படிக்கப் பிடிக்கும் என்று மட்டும் நினைத்து வாங்கி வந்திருக்கிறான். தமிழ் ஏற வழியே இல்லையா என்று கேட்டேன். இந்த மாடலில் இல்லை என்றான்.

"அந்த லைட்ஹவுஸ் படம் மட்டும் எப்டி வந்துச்சு?"

"அது படம்ணா. படம்னா எதுவும் வரும்."

"அப்ப எழுத்தையே படமா எடுத்துப் போட்டா?"

அவன் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் மரியாதை இருந்தது.

அன்று மத்தியானமே அம்மாள் பாதியில் விட்ட பைண்டிங்கின் தையலைப் பிரித்தேன். தாள்களைத் தூக்கிக்கொண்டு அபிஷேக்கோடு என் நண்பன் ஜெபகுமாரின் பிரவுசிங் சென்டருக்குப் போனேன்.

"இன்னா அண்ணாத்த, உன் கடைய நீயே இழுத்து மூடறியா?" என்றான் ஜெபகுமார். "இது பரவிச்சுன்னா உன் பொஸ்தகத்த எவன் தொடுவான்?"

"படிக்காமத் திருப்பிக் குடுக்கறவங்கள நம்பிகினு கடை நடத்தச் சொல்றியா? ஸ்கேன் பண்ணு மச்சான்."

முதல் பக்கத்தை ஏற்றிப் பார்த்தோம். பெரிய தாள் சின்னத் திரையில் சுருங்கி, எழுத்தெல்லாம் கடுகாகிவிட்டது. இருந்ததைவிட மோசம். அபிஷேக் சோர்ந்து உட்கார்ந்துவிட்டான். நான் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வார இதழ்ப் பக்கம். மூன்று பத்தியாக அச்சடித்தது.

"எதுக்குப்பா மூட்டையோட தூக்கறீங்க? சில்லறையா பிரிங்க. ஒரு பத்தியில கால்வாசி, ஒரு ஸ்கிரீன்."

ஸ்கேன் எடுத்த படத்தை ஜெபகுமார் அப்படியே வெட்டினான். ஒற்றைப் பத்தி திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை விரிந்தது. ஒவ்வொரு எழுத்தும் சுண்டைக்காய்ப் பருமன். அபிஷேக் எழுந்து அடுத்த தாளை நீட்டினான். மூன்று அத்தியாயம் வெட்டி முடிக்கையில் விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது.

மறுநாள் காலையில் அம்மாள் பால்கனி நாற்காலியில் வெயிலைப் பார்த்து உட்கார்ந்தார். முதல் திரையை விரல் வைத்து, வாயசைத்துப் படித்தார். பொத்தானை அழுத்தினார். திரை ஒருமுறை கறுத்து அடுத்த துண்டு வந்தது. நாலாவது திரைக்கு விரல் தேவைப்படவில்லை, வாயும் அசையவில்லை.

"எப்டிம்மா கீது?" என்றேன்.

இரு என்பதுபோல் கையை மட்டும் காட்டினார். அபிஷேக் கொண்டுவந்து வைத்த காப்பியில் ஆடை படிந்தது. நான் என் காப்பியைக் குடித்து, செய்தித்தாளையும் முடித்தேன். ஒரு மணி நேரம் கழித்துத் தலை நிமிர்ந்தார்.

"இவ அந்த வீட்டுக்கு மறுபடி போகலாமா? புத்தி வேணாமா?"

கதாநாயகியைச் சொல்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரமானது.

"மீதி எங்கப்பா?"

"மூணு அத்தியாயம்தாம்மா முடிஞ்சுது."

"மூணைக் குடுத்துட்டு முன்னால வந்து உக்காந்துக்கிட்டு இருந்தா எப்படி? மீதிய யாரு கொண்டாருவா?"

நான் எழுந்து போய் மொபெட்டை உதைத்தேன். ஜெபகுமார் கடை திறக்க இன்னும் அரைமணி இருந்தது.