பெங்களூரில் வளரும் அப்பா

அனுசியா அரைக் கரண்டி கஞ்சிதான் விட்டாள். அதுவும் அப்பாவுக்குப் புரையேறியது. அப்பா மகாராஜா, குற்றாலம் மெயின் அருவியில் இருபது வருஷம் போலீஸ் ஏட்டாக நின்றவர். தண்ணீர் நிறம் மாறினால் போதும், விசிலை ஊதி மொத்தக் கூட்டத்தையும் கரையேற்றிவிடுவார். இப்போது இருமக்கூட அந்த நெஞ்சில் தெம்பில்லை. நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும் வியாதி.

அதைத்தான் அனுசியா பெங்களூரில் ஆராய்கிறாள். அப்பாவின் ரத்தத்தைக் கொண்டுபோய், எந்த உறுப்பாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்லாக மாற்றி வளர்க்கிறாள். ஒரு ஸ்டெம் செல் அப்படியே இருக்குமா, நரம்பாகுமா என்பது எந்த ஜீன் படிக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது. படிக்கும்போது ஜீனிலிருந்து ஆர்.என்.ஏ. இழை வெளியே வரும். அந்த இழையைப் பிடித்துக்கொண்டு ஜீன் பக்கத்திலேயே நின்று, மேலே படி, போதும் நிறுத்து என்று சொல்லச் சில புரதங்கள் உண்டு. அருவிக்கரை ஏட்டு மாதிரி. அப்பாவிடம் அப்படி ஒரு புரதம் கெட்டுப்போயிருந்தது.

இரண்டு வருஷம் முன்னால், ஆய்வகத் தட்டில் வளர்ந்த செல்களில் அதைச் சரிசெய்துவிட்டாள். சந்தோஷம் தாங்காமல் படம் அனுப்பி, "ப்பா, இது நீங்கதான். இங்கன நல்லா இருக்கீங்க" என்றாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

மகாராஜா அந்தப் படத்தைக் காட்டாத ஆள் கிடையாது. வயிற்றில் சாப்பாடு செலுத்தக் குழாய் வைக்கலாம் என்று டாக்டர் சொன்னபோதெல்லாம், "எதுக்கு? எம்மவ அங்கன என்னைய வளத்துக்கிட்டு இருக்கா. கொண்டாந்து வச்சிருவா" என்று தள்ளிப்போட்டார். அவளிடம் யாரும் மூச்சுவிடவில்லை. அவள் வேலை கெடக்கூடாதாம்.

நேற்று டாக்டர் கையை விரித்துவிட்டார். மூச்சு இவ்வளவு தளர்ந்த பிறகு குழாய் வைப்பதை உடம்பு தாங்காது. அதன் பிறகுதான் அவளுக்குச் சேதி போனது; இன்று காலையில் ஊர் வந்து சேர்ந்தாள்.

"கொண்டாந்திருக்கியாட்டி?" என்று கேட்டாள் அம்மா ஆனந்தவள்ளி.

"அது மருந்து இல்லம்மா. தட்டுலதான் சரியாச்சு. ஆளுக்குக் குடுக்க இன்னும் எத்தன வருசமோ."

"ரெண்டு வருசமா வளத்தியே."

அனுசியாவுக்கு அழுகையைவிட வெட்கம்தான் முந்திக்கொண்டு வந்தது. அப்போது போன் மினுங்கியது. ஆய்வகத்தில் கூட வேலை செய்யும் பெர்சிஸ். ஸ்டெம் செல்களுக்குத் தினமும் ஊட்டத் திரவம் மாற்ற வேண்டும். அந்தத் தட்டுக்கு அங்கே எல்லோரும் வைத்த பேர் அப்பா. புதுப் படம், கீழே ஒரு வரி: அப்பாவுக்குச் சாப்பாடு வச்சாச்சு.

மகாராஜாவின் கண் போனிலேயே இருந்தது. காட்டினாள். வெகுநேரம் பார்த்தார்.

"தின்னுச்சா?" என்றார், வாய் குழற.

"தின்னுட்டுது ப்பா."

அவர் முகம் தெளிந்தது. அடுத்த கரண்டியை நீட்டினாள். வயிறு நிறைந்தவர்போல வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.