படத்தைக் காட்டிக் கேட்டவர்

மாங்கேணிச் சோதனைச் சாவடியில் வாகரை பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். கிளோட்டின் பையில் மூன்றே சாமான்கள் இருந்தன. ஒரு தண்ணீர்ப் போத்தல், அவுஸ்திரேலியாவிலிருந்து மகள் ஜிலியன் அனுப்பிய படிவங்கள் அடங்கிய தடித்த உறை, பழுப்பேறிய ஒரு பறவைச் சஞ்சிகை. சிப்பாய் போத்தலை முகர்ந்து பார்த்தான், உறையை ஒருமுறை அமுக்கிப் பார்த்தான், சஞ்சிகையை மட்டும் கையில் எடுத்து நிதானமாகப் புரட்டினான். நடுப்பக்கத்தில் வர்ணப் படம் ஒன்று வந்ததும் அவன் முகம் மலர்ந்தது. தன் பாஷையில் ஒரு பறவையின் பெயரைச் சொல்லி, அதுதானே என்பதுபோல் கிளோட்டைப் பார்த்தான். அது அந்தப் பறவை இல்லை. அதன் ஒன்றுவிட்ட சகோதரம்கூட இல்லை. ஆனால் துவக்கு வைத்திருப்பவன் சிரித்த முகத்தோடு கேட்கும்போது யார் நின்று திருத்திக்கொண்டிருப்பார்கள்? கிளோட் பலமாகத் தலையாட்டினார். அவன் சஞ்சிகையைப் பக்குவமாக மூடிக் கொடுத்தான்.

ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதின்மூன்றில் கொழும்பில் அச்சான சஞ்சிகை அது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரும். தோட்டத் துரைமாரும் நீதவான்மாரும் தாங்கள் கண்ட பறவைகளைப் பற்றி அதில் எழுதிக்கொள்வார்கள். கண்டதை எழுதினார்களா, சுட்டதை எழுதினார்களா என்று கேட்கக்கூடாது. அந்தக் காலத்தில் இரண்டும் ஒன்றுதான். குளங்களுக்கு ஓவசியராக இருந்த கிளோட்டின் பாட்டனார், பறங்கி என்று அந்தத் துரைமார் யாரும் தங்கள் விறாந்தையில் உட்கார வைக்காத போதும், சந்தா கட்டி இருபத்திரண்டு இதழ்களை வாங்கிச் சேர்த்திருந்தார். மட்டக்களப்புக் கடலோரம் டச்பாரில் இருந்த வீட்டு அலுமாரியில் அவை வரிசையாக இருந்தன. யுத்தம் தொடங்கிய பிறகு கிளோட் எங்கே போனாலும் ஓர் இதழைப் பையில் கொண்டு போவார். தூரக்கண்ணாடியைத் தொண்ணூறாம் ஆண்டே பறித்துவிட்டார்கள். வாவிக் கரையில் தனியே நின்று அக்கரையை உற்றுப் பார்க்கும் ஆளை எந்தப் படை நம்பும்? கேட்டால் இதழை விரித்துக் காட்டுவார். நாளடைவில் சாவடிகளில் அவரைத் தெரிந்துகொண்டார்கள். புளியந்தீவுக் கடைத்தெருவில் அவருக்குக் கொக்குத் துரை என்று பெயர் விழுந்தது. அதற்கு அவர் கோபிப்பதில்லை. மனைவி பேர்னிஸ்தான் கோபிப்பாள்.

சுனாமியன்று காலையும் அப்படித்தான் ஓர் இதழோடு சைக்கிளில் புறப்பட்டார். நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள். தன்னாமுனைப் பக்கத்துச் சேற்றில் வடக்கிலிருந்து வந்த உள்ளான் பறவைகள் இறங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தார். பேர்னிஸ் பச்சையில் வெள்ளைப் பூப்போட்ட புதுக் கவுணோடு வாசலில் நின்று, கேக்காவது தின்றுவிட்டுப் போகச் சொன்னாள். வந்து தின்கிறேன் என்றார். அவர் நூற்றுப் பதினாலு உள்ளான்களை எண்ணி முடித்தபோது டச்பாரில் வீடும் இல்லை, அலுமாரியும் இல்லை, முப்பத்தாறு வருடம் கூட வாழ்ந்தவளும் இல்லை. அத்திவாரத்தில் ஒரு மூலையும் அவர் பையில் இருந்த அந்த ஒற்றை இதழும்தான் மிஞ்சின.

உடல் கிடைக்கவில்லை. இரண்டு கிழமை ஆசுபத்திரி, பள்ளிக்கூடம், கோயில் என்று, பணப்பையில் வைத்திருந்த பேர்னிஸின் படத்தோடு அலைந்தார். காயப்பட்ட மாமியாரை வாகரையிலிருந்து கொண்டுவந்து, ஒரு பள்ளிக்கூட முகாமில் தங்கியிருந்த தெய்வமணி என்ற மீன்காரப் பெண்தான், ஓம், இந்த அம்மாவைக் கண்டேன் என்றாள். வாகரை ஆசுபத்திரி வாசலில் பச்சைக் கவுணோடு இருந்தாவாம். யாரோ வடக்கே ஏற்றிப் போனார்களாம். டச்பாரில் அள்ளுண்டவள் அத்தனை தூரத்துக்கு எப்படிப் போனாள் என்று கேட்டவர்களிடம், படகுக்காரர் யாரும் தூக்கியிருக்கலாம் என்று கிளோட் சண்டைக்குப் போனார். பிறகு வாகரைப் பாதை மூடியது. சண்டை வந்தது, சனம் இடம்பெயர்ந்தது, மறுபடி குடியேறியது. பாதை திறந்த பின்னும் ஷெல் விழும், மிதிவெடி இருக்கும் என்று இரண்டு வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மையில் யுத்தம் அவருக்கு வசதியாக இருந்தது. போய்க் கேட்கத் தேவையில்லாமல் போயிற்று.

மே மாதம் யுத்தம் முடிந்ததோடு அந்தச் சாக்கும் முடிந்தது. ஜிலியன் அப்பாவைத் தன்னோடு கூப்பிட விண்ணப்பம் போட்டிருந்தாள். அதற்குத் தாயின் மரண அத்தாட்சிப் பத்திரம் வேண்டும். கிளோட் ஒரு சத்தியக் கடதாசி எழுதிக் கையெழுத்து வைத்தால் கிடைத்துவிடும். ஊரில் கடலுக்கு ஆட்களைப் பறிகொடுத்த எல்லோரும் எப்போதோ வைத்துவிட்டார்கள். அவர் மட்டும் பேனையை எடுப்பதும் மூடி வைப்பதுமாக இருந்தார். கண்ட சாட்சி ஒன்று இருக்கும்போது, இறந்துவிட்டாள் என்று எப்படிச் சத்தியம் செய்வது? கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். தெய்வமணியை இன்னொரு தடவை கேட்பது. கண்டது உண்மையென்றால் இந்த மண்ணை விட்டு அசைவதில்லை. இல்லையென்றால் கையெழுத்து.

பஸ் மறுபடி புறப்பட்டது. மடியில் கிடந்த சஞ்சிகை சிப்பாய் புரட்டிய இடத்திலேயே விரிந்தது. படத்துக்கு எதிர்ப்பக்கம். நாலரை வருடமாக அவர் திறக்காமல் தாண்டிவந்த பக்கம். பறவை பார்ப்போருக்கு ஆசிரியர் சொல்லும் சில யோசனைகள் அதில் இருந்தன. கிராமத்து ஆளிடம் படத்தைக் காட்டி, இந்தப் பறவையைக் கண்டாயா என்று ஒருபோதும் கேட்காதே. ஓம் என்றுதான் சொல்வான். அது பொய்யல்ல, வந்தவனை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்ற மரியாதை. நிறத்தை நீ சொல்லாதே, அவன் சொல்லட்டும். சிறுவயதிலேயே கிளோட்டுக்கு மனப்பாடமான வரிகள். முகாமில் தான் கேட்ட கேள்வியும் அவருக்கு ஒரு சொல் பிசகாமல் மனப்பாடம். பச்சைக் கவுண், வெள்ளைப் பூ, இந்த முகம், கண்டீர்களா என்றுதான் கேட்டிருந்தார். இறங்கி அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடலாமா என்றுகூட யோசித்தார்.

தெய்வமணியின் வீடு கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. நிறுவனம் கட்டிக் கொடுத்த வீடு. முற்றத்தில் பாய் விரித்து மீன் காயப்போட்டிருந்தாள். அவளுக்கு அவரை உடனே தெரிந்துவிட்டது. கதிரையைத் துடைத்துப் போட்டு, தேத்தண்ணி வைத்துக் கொடுத்து, தான் மண்ணில் குந்தினாள். முன்பு திடகாத்திரமாக இருந்தவள் பாதியாகிப் போயிருந்தாள். மாமியார் அந்த வருடமே கண்ணை மூடிவிட்டதாகச் சொன்னாள். இந்தத் தடவை கிளோட் படத்தை வெளியே எடுக்கவில்லை. நிறம் எதையும் சொல்லவில்லை. அண்டைக்கு ஆசுபத்திரி வாசலில் கண்டதை நீங்களே சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு, தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அவள் பாயில் கிடந்த மீன் ஒன்றைப் புரட்டிப் போட்டாள்.

"ஐயா, நான் அவவக் காணல்ல."

அவள் முகத்தை அவர் பக்கம் திருப்பினாள்.

"அண்டைக்கு எத்தின பேர் படத்தோட வந்தாங்க. நீங்க காலில செருப்பும் இல்லாம வந்து நிண்டீங்க. கவுணையும் நீங்களே சொன்னீங்க, பூவையும் நீங்களே சொன்னீங்க. அந்த முகத்தப் பாத்து இல்லையெண்டு எப்பிடிச் சொல்லுற? ஓமெண்டா ஒரு நேரச் சோறாவது தின்பீங்க எண்டு நெனச்சன். இவ்வளவு காலம் பாத்துக்கிட்டு இரிப்பீங்க எண்டு நான் கண்டனா?"

அவருக்கு வந்தது கோபம்தான். வாழ்நாளில் அப்படி ஒரு கோபம் வந்ததில்லை. நாலரை வருடம், பாதை மூடிக்கிடந்த போதும், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வாகரை பஸ் வரும் நேரத்துக்கு மட்டக்களப்பு நிலையத்தில் நின்றிருக்கிறார். வாடகை அறையில் இரண்டு தலையணை போட்டிருக்கிறார். இதையெல்லாம் அவள் முகத்தில் எறிய வேண்டும் போலிருந்தது. ஆனால் வாயைத் திறந்தபோது வந்தது வேறு. "பேர்னிஸ் செத்துப் போனா" என்றார். யாருக்கும் சொல்லவில்லை, சும்மா சொன்னார். சொல்லியதும் கோப்பை சரிந்தது. தேத்தண்ணி உடுத்திருந்த சாரத்தில் கொட்டியது. நாலரை வருடத்துக்கும் சேர்த்து அழுதார். தெய்வமணி எழுந்து வரவில்லை, தேற்றவும் இல்லை. அவர் அழுது முடியுமட்டும் அப்படியே குந்தியிருந்தாள்.

பிறகு அவளே பேசினாள். மகன் சுபாகரனை இரண்டாயிரத்து ஆறில் இயக்கத்துக்குப் பிடித்துக்கொண்டு போனார்களாம். பதினேழு வயது. வன்னிக்குக் கொண்டு போனதாகக் கேள்வி, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. யுத்தம் முடிந்த கையோடு, வன்னிச் சனத்தை அடைத்து வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் அவனைக் கண்டதாக ஒருத்தி சொன்னாளாம். காதில் கிடந்ததை ஈடு வைத்துவிட்டுப் போய், கம்பி வேலிக்கு வெளியே இரண்டு நாள் நின்றாளாம். அவன் இல்லை. சொன்னவளைத் தேடிப் போய்க் கேட்டால், உங்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அதுதான் சொன்னேன் என்றாளாம். வேலியடியில் நிற்கும்போது உங்கள் நினைவுதான் வந்தது ஐயா என்றாள் தெய்வமணி. இனி இவளை ஏச ஒரு வாய்ப்பும் இல்லாமல் போயிற்றே என்று கிளோட் நினைத்தார்.

அவர் புறப்பட எழுந்தார். மூன்றரை மணி பஸ்ஸை விட்டால் வேறில்லை. தெய்வமணி, நில்லுங்க என்று உள்ளே போய், பொலித்தீன் பையில் சுற்றிய படம் ஒன்றைக் கொண்டுவந்தாள். பள்ளிக்கூட வெள்ளைச் சேட்டில் ஒரு பொடியன், கமராவுக்குப் பயந்த முகத்தோடு. அதை அவர் கையில் வைத்தாள்.

"நீங்க டவுனில நாலு இடம் போய்வாற ஆள். இவனக் கண்டீங்களா, ஐயா? இடப்பக்கத்துப் புருவத்தில வெட்டுத் தழும்பு இரிக்கி. கொஞ்சம் கெந்திக் கெந்தி நடப்பான்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். விளையாடுகிறாளா என்று நினைத்தார். அப்படி இல்லை. ஒரு கை சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தது, கண் அவருடைய வாயில் இருந்தது. ஓம் என்ற வார்த்தைக்கு என்ன விலை என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? தெரிந்துகொண்டே நின்றாள். படத்தில் இருந்த முகத்தை அவர் எங்கும் கண்டதில்லை. ஐம்பது வருடத்தில், காணாத ஒரு குருவியைக்கூடக் குறிப்பேட்டில் எழுதாத மனிதர் அவர். சந்தியில் பஸ் ஹோர்ன் அடித்தது.

"கண்டன்" என்றார்.

அவள் மெல்ல மண்ணில் உட்கார்ந்தாள். எங்கே என்று கேட்கவில்லை. "மெலிஞ்சிருந்தானா?" என்றுதான் கேட்டாள்.

"கொஞ்சம்."

"தனியவா?"

"இல்ல, கூட ஆள் நிண்டது. ஆசுபத்திரிக் கேற்றடியில. எனக்கும் அவனுக்கும் ஒரு பத்தடி இரிக்கும்." குரல் தடுமாறாமல் வந்தது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. "கையில பாண் வச்சிருந்தான். சாப்பிட்டுக்கிட்டு நிண்டான்."

பஸ் போகும் சத்தம் கேட்டது. கிளோட் மறுபடி கதிரையில் உட்கார்ந்தார். தெய்வமணி கண்ணை மூடிக்கொண்டு, இன்னும் சொல்லுங்கள் என்பதுபோல் முகத்தை அவர் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். ஒரு காகம் இறங்கி வந்து, இருவரையும் பார்த்துவிட்டு, பாயிலிருந்து ஒரு மீனைக் கொத்தி இழுத்தது. பிறகு இன்னொன்று வந்தது. யாரும் கையோங்கவில்லை.