தெற்குச் சுவரில் காய்த்த சாட்சி

மண்வெட்டி மூன்றாவது முறை இறங்கியபோதுதான் எய்னோ அதைப் பார்த்தான். வெட்டுப்பட்ட வேர் வெள்ளை வெளேரென்று, ஈரமாக, உயிரோடு இருந்தது.

வீட்டின் தெற்குச் சுவரோரம் செத்த கொடியைத் தோண்டுகிறோம் என்றல்லவா நினைத்திருந்தான்!

அவன் மனைவி வெர்லீனுக்கு அவள் அம்மா கொடுத்த தாட்பூட் (பேஷன் ஃப்ரூட்) கொடி அது. ஏழு வருடங்களுக்கு முன், டென்னசி வீட்டு வேலியோரத்தில் பிடுங்கி, ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தது. குளிர்காலத்தில் தரைக்கு மேலே எல்லாம் மடிந்துவிடும். வேர் மட்டும் பிழைத்துக் கிடக்கும். அவர்கள் வாழும் கடற்கரை ஊரான அஸ்டோரியாவின் ஓயாத மழையிலும் குளிரிலும் ஜூன் பாதிக்கு முன்னால் அது தலை காட்டாது. வருடாவருடம் வெர்லீன் எச்சரிப்பாள்: "ஸ்ட்ராபெர்ரி பழுக்கிற வரைக்கும் அந்தப் பக்கம் கைய வெச்ச, கை இருக்காது."

இன்று மே இருபத்தெட்டு. அம்மாவைப் புதைத்துவிட்டு, அந்த வீட்டையும் விற்றுவிட்டு நாளை வருகிறாள். அவள் எச்சரித்ததெல்லாம் மறந்துபோய், காய்ந்த சுள்ளியைப் பார்த்து இன்னொரு முறை அழ வேண்டாமே என்று, அங்கே ஒரு ரோஜா வைக்கத்தான் எய்னோ மண்வெட்டியை எடுத்தான்.

அம்மா இல்லை. அந்த வேலியும் இனி இல்லை. மிஞ்சியது இந்த வேர். அதுவும் இப்போது ஏழு துண்டு.

கால் மணி நேரத்தில் அவன் வண்டி நாற்றுப்பண்ணை வாசலில் நின்றது. அவன் முழங்கால் சேற்றைப் பார்த்ததுமே பண்ணைக்காரன் கஸ் கேட்டுவிட்டான்.

"பொண்டாட்டியோட தாட்பூட்டா?"

"எப்படிடா தெரியும்?"

"மே கடைசியில வருஷத்துக்கு மூணு புருஷனுங்க வர்றீங்க. 'செத்துப்போச்சுன்னு நெனச்சேன்'னு ஒரே பாட்டு. இந்தா, விதை போட்டு வளர்த்தது. இதுவும் இன்னும் தளிர் விடாம வேராத்தான் தூங்குது, வெச்சா தெரியாது. ஆனா அவகிட்ட உண்மையச் சொல்லிடு."

"சொல்றேன்" என்று பொய் சொன்னான் எய்னோ.

புது நாற்று பழைய குழிக்குள் போனது. வேர்த்துண்டுகளை எறிய மனம் வரவில்லை. நண்டுக்கு இரை எடுத்துப்போகும் வாளிகளில் ஓட்டை போட்டு, மணல் கலந்த மண்ணில் புதைத்து, படகுக் கொட்டகைக்குப் பின்னால் வெயில் விழும் இடத்தில் ஒளித்தான்.

ஜூலையில் வெர்லீன் சுவரோரத் தளிரைத் தொட்டுப் பார்த்தாள். "அம்மா வந்துட்டா பாரு!"

இன்று சொல்லிவிடலாம், நாளை சொல்லிவிடலாம் என்று நாள்தான் போனது. கொட்டகைப் பின்னால் ஏழு துண்டில் ஐந்து முளைத்தன. "நண்டுக்கூண்டப் பாத்துட்டு வரேன்" என்று தினமும் போய்த் தண்ணீர் விட்டான். மழைக்காலத்தில் வேர் அழுகாமலிருக்க வாளிகளை உள்ளே இழுத்தான். வசந்தத்தில் வெளியே வைத்தான்.

பதினாறு மாதம் தாக்குப்பிடித்தான்.

"எய்னோ! இங்க வா!" சுவரோரத்திலிருந்து வெர்லீன் கூப்பிட்டாள்.

சுவர்க்கொடியில் கோழிமுட்டை அளவில், பச்சைப் பசேலென்று ஒரு காய்.

"அட, காய்ச்சிடுச்சே!" அவன் குதித்தான். அவள் குதிக்கவில்லை.

"இத்தன வருஷம் பூத்துது. ஒண்ணுகூடக் காய்க்கல. ஏன் தெரியுமா?"

"குளிரு..."

"இது தனியா காய்க்காது. வேற வேர்ல வந்த இன்னொரு கொடியோட மகரந்தம் வேணும். காயே வேணாம், அம்மா கொடி ஒண்ணு போதும்னுதான் நான் இன்னொண்ணு வாங்கல. இப்பச் சொல்லு. அந்த இன்னொண்ணு எங்க?"

எய்னோவின் பாழாய்ப்போன கண்தான் படகுக் கொட்டகைப் பக்கம் ஓடியது.

அது போதுமே அவளுக்கு! அவன் ஓடிப் பிடிப்பதற்குள் கொட்டகையைச் சுற்றிப் போய்விட்டாள். அங்கே ஐந்து வாளிகள். பழைய மீன்வலையில் ஏறிய கொடிகள். கடைசி ஊதாப்பூ ஒன்றில் கொழுத்த வண்டு ஒன்று புரண்டுகொண்டிருந்தது.

ரோஜா, மண்வெட்டி, கஸ் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினான் எய்னோ.

வெர்லீன் குனிந்து ஒரு வாளியின் இலையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "அப்ப சுவத்துல இருக்கிறது?"

"கஸ் கடையில வாங்கினது."

"ஒரு வருஷமா தினமும் சாயங்காலம் அதுக்கா நான் 'வரேம்மா'ன்னு சொல்லிட்டிருந்தேன்?"

"நீ சொன்னத நான் இங்க வந்து இதுங்ககிட்ட திரும்பச் சொல்லிடுவேன்" என்றான் தலைகுனிந்தபடி. "ஒருநாள்கூட விடல."

அவள் அவனைப் பார்த்தாள். அழுகை வரும் என்று அவன் பயந்தபோது சிரிப்புதான் வந்தது, கண்ணீரோடு.

"எங்கம்மாவுக்கு நண்டு நாத்தமே ஆகாது. அவளப் போய் இரை வாளியில வெச்சிருக்க! தூக்குடா எல்லாத்தையும். சுவரோரம் வை. அடுத்த ஜூன்ல மண்ணுல எறக்கலாம்."

எய்னோ இரண்டு வாளிகளைத் தூக்கினான். "குழி நான் தோண்டட்டுமா?"

"நீ மண்வெட்டியத் தொட்டுப் பாரு!"